எண்ணும் பண்ணும்

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன்பு எங்கள் பங்கில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியோடு இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன். இறந்தோரை நினைத்துப் பாடுவதற்கென்று பன்னிரண்டு அடிகளில் ஒரு பாடல் எழுதித் தரும்படி பங்குத்தந்தை என்னிடம் கேட்டிருந்தார். எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துப் பாடகர் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், கணிப்பொறி படித்தவர், என் வீட்டிற்கு வந்து தம் கைப்பேசியில் அந்தப் பாடலை ஒலிக்கச் செய்தார். மெல்லிய புல்லாங்குழல் ஓசை ஒன்று தொடங்கி வைக்க, ஒரு பெண்குரல் என் சொற்களைப் பாடியது. மூன்றாம் அடியில் 'அம்மா' என்ற சொல் வரும் இடத்தில் குரல் சற்றே தாழ்ந்து, தயங்கி, மீண்டும் எழுந்தது. பதினோர் ஆண்டுகளுக்கு முன் நான் அடக்கம் செய்த என் தாயின் முகம் கண்முன் வந்து நின்றது. என்னை அறியாமலே கண் கலங்கினேன்.

"மெட்டு அமைத்தது யார் தம்பி? பாடியவர் யார்?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லை சார். உங்கள் வரிகளைக் கொடுத்து, சோகமாக, மெதுவாக வேண்டும் என்று சொன்னேன். அரை நிமிடத்தில் கணிப்பொறியே இசையமைத்துப் பாடிவிட்டது" என்றார் அவர்.

அன்று மாலை ஒத்திகையில் குழுவினர் அனைவரும் அதைக் கேட்டனர். எல்லாருக்கும் பிடித்திருந்தது. நாற்பது ஆண்டுகளாக எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துவரும் முதியவர், நாங்கள் பாட்டு வாத்தியார் என்று அழைப்பவர், ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் துருத்தியைச் சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டு எழுந்துகொண்டார். பங்குத்தந்தை என் பக்கம் திரும்பி, "பாடல் உங்களுடையது. எந்த மெட்டில் பாடுவது என்பதை நீங்களே சொல்லுங்கள்" என்றார். நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் என் நெஞ்சில் எழுந்த எண்ணங்களையே இங்கே வாசகர்முன் வைக்கிறேன்.

என்னை அலைக்கழித்த கேள்வி இதுதான்: யாரும் பாடாத பாட்டிற்கு நான் சிந்திய கண்ணீர் உண்மையா, பொய்யா?

இசையைக் கேட்டு அழுததற்காகத் தம்மையே விசாரணைக்கு உட்படுத்திய ஒருவர் திருச்சபையில் இருந்தார். தூய அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்ட நூலின் பத்தாம் பகுதியில் இதைப் பேசுகிறார். மனம் திரும்பிய தொடக்க நாட்களில் கோயிற் பாடல்களைக் கேட்டுத் தாம் அழுததை நினைவுகூர்கிறார். அப்பாடல்களால் விளைந்த நன்மையை அவர் மறுக்கவில்லை. ஆயினும் பாடப்படும் பொருளைவிடப் பாடும் இனிமையே தம்மை அதிகமாக அசைத்த நேரங்களில் தாம் குற்றம் செய்ததாகவே கருதுகிறார். இவ்வளவு கூர்மையாகத் தம் கண்ணீரை ஆராய்ந்தவர் இசைக்குப் பகைவர் அல்லர். கி.பி. 387-இல் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்ற அவர், ஏறத்தாழ அதே காலத்தில் இசையைப் பற்றி ஆறு பகுதிகள் கொண்ட ஒரு நூலையும் எழுதத் தொடங்கினார். வியப்பு என்னவென்றால், அந்நூல் முழுவதும் எண்களைப் பற்றியது.

அதன் ஆறாம் பகுதியில் அவர் ஒரு கேள்வி எழுப்புகிறார். தூய அம்புரோசியார் இயற்றிய ஒரு பாடலின் அடியை ஒருவர் பாட, மற்றொருவர் கேட்கிறார். அந்தப் பாடலின் தாள எண் எங்கே இருக்கிறது? ஒலியிலா, கேட்பவரின் செவியிலா, பாடுபவரின் செயலிலா, நினைவிலா? இவை நான்கிலும் உண்டு என்று கூறி, ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கிறார். 'இது தகும், இது தகாது' என்று தீர்ப்பிடும் ஆன்மாவிலும் எண் உண்டு என்பது அவர் கருத்து. இவ்வைந்தனுள் தீர்ப்பிடும் எண்ணுக்கு உயர்ந்த இடத்தையும், வெறும் ஒலியில் உள்ள எண்ணுக்குத் தாழ்ந்த இடத்தையும் தருகிறார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த இந்தப் பாகுபாடு, இன்றைய நம் குழப்பத்திற்கென்றே வகுத்ததுபோல் எனக்குத் தோன்றியது.

ஏனெனில், எண் இல்லாத இசை என்றும் இருந்ததில்லை. ஒரு தந்தியைச் சரிபாதியாகக் குறைத்தால் சுரம் மேல் ஸ்தாயிக்குச் செல்கிறது. மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் பஞ்சமம் பிறக்கிறது. இந்த விகிதங்களைப் பித்தாகரசின் வழிவந்தோர் கண்டபோது, உலகமே எண்ணால் ஆனது என்று எண்ணி மகிழ்ந்தனர். ஆனால் எண் முழுமையாக வசப்படவும் இல்லை. பஞ்சமத்தின்மேல் பஞ்சமமாகப் பன்னிரண்டு படி ஏறினால், ஏழு ஸ்தாயி ஏறிய இடத்திற்கே வந்து சேர வேண்டும். கணக்கோ ஒரு பக்கம் 129.7 என்றும், மறுபக்கம் 128 என்றும் காட்டுகிறது. இந்தச் சிறு பிளவைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு மறைத்துத்தான் பியானோவும் நம் ஆர்மோனியமும் சுருதி சேர்க்கப்படுகின்றன. கமகத்தின் நெளிவுகளைத் தர இயலாதென்ற குறை சொல்லி, 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்திற்குத் தடை விதித்திருந்தது. எங்கள் பாட்டு வாத்தியார் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் பெட்டியும் ஒரு காலத்தில் அன்னியமான, உயிரற்ற கருவி என்று பழிக்கப்பட்டதுதான். இதை மறந்துவிட்டுப் புதியதைப் பழிப்பது நேர்மையாகாது.

எண் இசைக்கு எதிர்காலத்தைத் திறந்துவிட்டதற்கு நம் மண்ணிலேயே சிறந்த சான்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையைச் சார்ந்த வேங்கடமகி, தம் 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் ஒரு கணக்குப் போட்டார். சட்சமமும் பஞ்சமமும் மாறாதவை. மத்திமம் இரண்டு வகை. ரிடபமும் காந்தாரமும் சேரும் முறை ஆறு. தைவதமும் நிடாதமும் சேரும் முறை ஆறு. இரண்டை ஆறால் பெருக்கி, மீண்டும் ஆறால் பெருக்க 72 மேளங்கள் கிடைத்தன. அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை 19 மட்டுமே. எஞ்சியவை அனைத்தும் யாரும் குடிபுகாத வெற்று அறைகள். பின்வந்தோர், அவர்களுள் தலையாய தியாகராசர், ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்து உள்ளே சென்று விளக்கேற்றினர். அறைகளைக் கட்டியது கணக்கு. அவற்றில் வாழ்ந்தவர்கள் மனிதர்கள்.

அதே நூற்றாண்டில், 1650-இல், உரோமையில் இயேசு சபைக் குரு அத்தனாசியுஸ் கிர்ச்சர் ஒரு பெரிய இசை நூலை வெளியிட்டார். அதில் ஒரு மரப்பெட்டியைப் பற்றி விவரிக்கிறார். பெட்டிக்குள் எண்கள் பொறித்த சட்டங்கள் வரிசையாக நிற்கும். பாடலடியின் அசைகளை எண்ணி, அதற்குப் பொருந்தும் சட்டங்களை உருவியெடுத்து, அவற்றிலுள்ள எண்களைச் சுரங்களாக எழுதிக்கொண்டால், இசையே அறியாதவரும் நான்கு குரல்களுக்கு உரிய பாடலை அமைத்துவிடலாம். அவருக்கும் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே, சுரங்களுக்குப் பெயரிட்ட துறவி அரெசோ நகரக் குயிதோ, பாடற்சொற்களின் உயிரெழுத்துகளைக் கொண்டே மெட்டைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வழியை எழுதிவைத்திருந்தார். ஆக, விதிகளைக் கொண்டு பாட்டமைக்கும் ஆசை நேற்று முளைத்ததன்று. அதன் பழைய தடங்கள் சில துறவியரின் கையிலேயே காணப்படுகின்றன.

கணிப்பொறி இந்த ஆசைக்குக் கை கால் கொடுத்தது. கணிக்கும் பொறி ஒருநாள் இசையும் அமைக்கலாம் என்று 1843-லேயே எழுதினார் ஆங்கிலப் பெண்மணி ஏடா லவ்லேஸ். 1957-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெயாரன் ஹில்லரும் லியோனார்டு ஐசக்சனும் அதைச் செய்துகாட்டினர். கணிப்பொறி குருட்டுவாக்கில் எண்களை உதிர்க்கும். பழைய இசையிலக்கண விதிகள் சல்லடைபோல் நின்று, பொருந்தாதவற்றைத் தள்ளிவிடும். எஞ்சியவை சேர்ந்து, நான்கு நரம்புக் கருவிகளுக்கான 'இல்லியாக்' தொகுப்பாயிற்று. பின்னர் டேவிட் கோப் என்னும் இசையமைப்பாளர் வேறு வழி கண்டார். விதிகளைக் கையால் எழுதுவதைவிட்டு, பாக் போன்ற மேதைகளின் படைப்புகளைத் துண்டுகளாக்கி, அவற்றின் போக்கை ஆராய்ந்து, அதே நடையில் புதியன கோக்குமாறு தம் நிரலைப் பழக்கினார். 1997-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் மூன்று இசைப்பகுதிகள் வாசிக்கப்பட்டன. ஒன்று பாக் இயற்றியது. ஒன்று ஸ்டீவ் லார்சன் என்னும் பேராசிரியர் அதே பாணியில் இயற்றியது. ஒன்று கோப்பின் நிரல் இயற்றியது. கேட்டோருள் பெரும்பாலோர் கணிப்பொறியின் படைப்பைப் பாக்கினுடையது என்றும், பேராசிரியரின் படைப்பைக் கணிப்பொறியினது என்றும் தீர்ப்பிட்டனர். அந்த அவையில் நானும் இருந்திருந்தால் அவர்களோடு சேர்ந்தே தவறியிருப்பேன்.

இன்றைய பொறிகள் இன்னும் ஒரு படி முன்னேறிவிட்டன. பெருந்தொகையான இசைப்பதிவுகளை உட்கொண்டு, எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வருவது இயல்பு என்பதைத் தாமே கற்றுக்கொள்கின்றன. சோகம் என்றால் குரல் எங்கே தாழும், எங்கே தயங்கும் என்பதும் அவற்றின் கணக்கில் ஏறிவிட்டது. என் பாடலில் 'அம்மா' என்ற சொல்லில் குரல் தாழ்ந்ததன் காரணம் இதுதான்.

இயந்திரத்திற்கு உயிரில்லை, ஆகவே அதன் இசை பொய் என்று சொல்லி முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதன்று. குறுந்தகட்டில் பதிவாகும் இசை, ஒவ்வொரு நொடிக்கும் 44,100 அளவீடுகளாக மாற்றப்பட்ட வெறும் எண்வரிசையே. என்றோ மறைந்துபோன பாடகர் ஒருவரின் குரலை அதில் கேட்டு நாம் உருகும்போது, நம்மை உருக்குவது எண்ணல்ல. எண்ணின் வழியாக நம்மை வந்தடையும் ஒரு மனிதர். எண் அங்கே பாலம். பாலத்தின் மறுகரையில் ஒருவர் நிற்கிறார்.

அப்படியானால் என் கைப்பேசிப் பாட்டின் மறுகரையில் நின்றது யார்? இந்தக் கேள்வியை நெடுநேரம் சுமந்தபின் எனக்குத் தெளிவான விடை இது: ஒருவரும் இல்லை என்பது சரியன்று, எண்ணற்றோர் நிற்கின்றனர். அவர்கள் பெயர் மட்டும் அழிக்கப்பட்டுவிட்டது. தாலாட்டிய தாய்மார், ஒப்பாரி வைத்த பெண்கள், அவர்களிடம் கேட்டதைத் திரையிசையிலும் கோயிற் பாட்டிலும் இழைத்த இசைவாணர்கள், ஒலிப்பதிவுக் கூடத்தில் கூலிக்கு வாசித்த கலைஞர்கள் ஆகியோர் உண்மையாகவே துக்கப்பட்டபோது தாழ்ந்த குரலைத்தான் பொறி எண்ணிக் கற்றிருக்கிறது. ஆகவே என் கண்ணீர் பொய்யன்று. அது சேரவேண்டியவரிடம் சேரவில்லை, அவ்வளவே.

இதிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. முதலாவது நீதி பற்றியது. 2024 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் பெரும் இசை நிறுவனங்கள், இத்தகைய பொறிகளை நடத்தும் சூனோ, யூடியோ என்னும் இரு நிறுவனங்கள்மீது, தம் பதிவுகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகக் குற்றம் சாட்டி வழக்குத் தொடுத்தன. பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர்கள் உண்டு. பெயரற்ற வாத்தியக்காரருக்கு யார் உண்டு? அறுவடை செய்தவரின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்னும் பொருளில் யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரித்தது வயலுக்கு மட்டும் உரியதன்று.

இரண்டாவது கடமை நம்மைப் பற்றியது. இதுவே எனக்கு அதிக அச்சத்தைத் தருகிறது. பொறி மோசமாகப் பாடும் என்பதன்று என் அச்சம். அது நன்றாகப் பாடும். அதனால் நாம் பாடுவதை நிறுத்திவிடுவோம் என்பதே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டு, இறைமக்கள் அனைவரும் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. கரகரத்த தொண்டைக்கும் சுருதி தவறும் செவிக்கும் அதில் இடம் உண்டு. கேட்டு மகிழும் கூட்டமாக நாம் மாறிவிட்டால், அகுஸ்தினார் கூறிய ஐந்தில் ஒலியின் எண் மட்டும் வளரும். செயலின் எண்ணும் தீர்ப்பின் எண்ணும் நம்மிடம் தேய்ந்து மறையும். 2025 சனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்னும் குறிப்பு, செயற்கை நுண்ணறிவை மனித அறிவின் மற்றொரு வடிவமாகக் கருதாமல், மனித அறிவின் விளைபொருளாகவே கருதும்படி அறிவுறுத்துகிறது. விளைபொருளை விதைத்தவரின் இருக்கையில் அமர்த்துவது தகாது.

அதற்காக எண்ணைக் கோயிலுக்கு வெளியே நிறுத்த வேண்டியதில்லை. அது எவ்வளவு ஆழமாக மனிதப் பொருளைத் தாங்கவல்லது என்பதற்கு ஒலிவியே மெசியான் சான்று. பாரிசில் தூய மூவொரு இறைவன் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த இக்கத்தோலிக்க இசையமைப்பாளர், இரண்டாம் உலகப்போரில் செருமானியரிடம் சிறைப்பட்டார். கேர்லிட்சு நகரச் சிறைமுகாமில், 1941 சனவரி 15 அன்று, குளிரில் நடுங்கிய கைதிகள் முன்னிலையில் அவருடைய 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை' முதன்முதலாக ஒலித்தது. அதன் முதற்பகுதியில் பியானோ 29 சுரக்கூட்டுகளை மீண்டும் மீண்டும் வாசிக்கிறது. அவற்றைத் தாங்கும் கால அளவுகளோ 17. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாரங்கதேவர் தம் 'சங்கீத ரத்னாகர'த்தில் தொகுத்த நம் நாட்டுத் தாளங்களிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை அவை. 17, 29 இரண்டும் பகா எண்கள். ஆகவே தொடங்கிய இடத்தில் இரண்டும் மீண்டும் சந்திக்க 493 சுரக்கூட்டுகள் கடந்தாக வேண்டும். அதற்கு நெடுமுன்னரே அப்பகுதி முடிந்துவிடுகிறது. முடியாத ஒன்றின் சிறு துண்டைக் கேட்டதுபோல் நாம் நிற்கிறோம். காலமே இனி இல்லை என்று வானதூதர் அறிவிக்கும் திருவெளிப்பாட்டுக் காட்சியை, பசியோடும் குளிரோடும் இருந்த ஒருவர் இரண்டு எண்களால் சொல்லிவிட்டார். அந்த எண்களைத் தேர்ந்தெடுக்க எந்தப் பொறியாலும் முடியும். அங்கே, அந்த மனிதர்களுக்காகத் தேர்ந்தெடுத்தார் என்பதே செய்தி.

ஒரு வாரம் முடிந்தது. நான் பாட்டு வாத்தியாரின் வீட்டிற்குச் சென்றேன். அவர் துணைவியார் அவ்வாண்டு தவக்காலத்தில்தான் இறந்திருந்தார். "மெட்டு நீங்கள்தான் போட வேண்டும்" என்றேன். "அதுதான் நல்லா இருந்ததே சார்" என்றார். "நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நீங்கள் போடுங்கள்" என்றேன். பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டார். கணிப்பொறி படித்த அந்த இளைஞரே ஒவ்வொரு மாலையும் அவர் வீட்டிற்குச் சென்று, அவர் வாசித்ததைப் பதிவு செய்து, கணிப்பொறியின் துணையால் சுரப்படுத்தி, அச்சிட்டுக் குழுவினருக்குக் கொடுத்தார். அந்த உதவி இல்லாவிட்டால் பாட்டு உரிய நாளில் ஆயத்தமாகியிராது.

உண்மையைச் சொல்ல வேண்டும். செவியை மட்டும் கேட்டால் பொறியின் மெட்டே இனியது. வாத்தியாரின் மெட்டு எளியது; இரண்டோர் இடங்களில் பழைய பாடல்களின் சாயலும் உண்டு. 'அம்மா' என்ற சொல்லில் அவர் சுரத்தைத் தாழ்த்தவே இல்லை, நேராக நிறுத்தியிருந்தார். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அங்கே இறக்கினால் பெண்கள் அழுதுவிடுவார்கள் சார். பாட்டு நின்றுபோகும். கல்லறையில் பாட்டு நிற்கக் கூடாது" என்றார்.

நவம்பர் 2 அன்று மாலை, மெழுகுதிரிகளுக்கிடையே நின்று நாங்கள் அதைப் பாடினோம். மூன்றாம் அடி வந்தபோது சிலர் குரல் நடுங்கியது. ஆயினும் பாட்டு நிற்கவில்லை. அவர் வகுத்த அந்த ஒரு சுரத்தைப் பற்றிக்கொண்டு எல்லாரும் அதைக் கடந்து சென்றோம்.